மல்சுக்கின் இடது கை

பொதுக் குளியல் கூடத்தின் பெண்கள் பக்கத்தில் உடம்பு தேய்த்துவிடும் மல்சுக்குக்கு உடுப்பு என்றால் கறுப்பு பிராவும் கறுப்பு ஜட்டியும்தான். இருபத்தொரு வருஷமாக அதே. கொரியாவின் மாசான் துறைமுகத்துப் பின்தெருப் பெண்களில் ஒருத்திகூட அவளைச் சட்டையோடு பார்த்துப் பழகியதில்லை. மீன் சந்தையில் எதிரே வந்தால் அடையாளம் தெரியாமல் நாலடி தாண்டிப் போய், அப்புறம் திரும்பி நின்று, "ஐயோ அக்கா, நீங்களா! துணி போட்டிருந்தீங்களா, தெரியல" என்பார்கள்.

அப்படிப்பட்ட வேலையில் எதை ஒளித்து வைப்பது? இரண்டு கைகளிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சோரியாசிஸ் படர்ந்தபோது ஊருக்கே அது ஒரே நாளில் தெரிந்துபோனது. சிவப்புத் திட்டு. அதன்மேல் வெள்ளி வெள்ளியாகச் செதில். அடுத்தவர் தோலில் அழுக்கை உரித்து வயிறு வளர்க்கிறவளுக்குத் தன் தோலே தானாக உரிய ஆரம்பித்தது. இந்த வேடிக்கையை எந்தச் சாமி யோசித்ததோ, அதற்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

கூடத்தின் முதலாளி நாம்குங் அம்மாள். வாசல் மேசையில் சாவியும் துண்டும் கொடுத்துக்கொண்டு, சுட்ட முட்டையும் வாழைப்பழப் பாலும் விற்றுக்கொண்டு, யார் யார் எத்தனை கிலோ ஏறியிருக்கிறார்கள் என்று கண்ணாலேயே எடை போட்டுக்கொண்டிருப்பாள். ஜூன் மாதம் ஒருநாள் மல்சுக்கை மேசைக்குக் கூப்பிட்டாள்.

"சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு முந்தின வாரம் ஊரே இங்க வந்து விழும். அதுக்குள்ள உன் கை சரியாகணும். ஆகலன்னா போஹாங்லேருந்து என் அண்ணன் மவ வர்றா. பலகைய அவகிட்ட குடுத்துருவேன்."

"இது ஒட்டுற வியாதி இல்லம்மா."

"எனக்குத் தெரியும். வந்து படுக்கிறவளுக்குத் தெரியுமா? ஒவ்வொருத்தி காதுலயும் போய் சொல்லிட்டிருப்பியா? நேத்து அந்த மருந்துக்கடைக்காரன் பொண்டாட்டி, உன் கையப் பார்த்துட்டு, தேய்ச்சுக்காமயே எழுந்து போயிட்டா."

"அவளுக்குத் தேய்க்கிறதும் ஒண்ணுதான், சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறதும் ஒண்ணுதான். போனா போகட்டும்."

"வாய் மட்டும் குறைச்சல் இல்ல. கைய சரி பண்ணு."

பலகை என்றால் சிவப்பு ரெக்சின் போர்த்திய ஒரு நீளக் கட்டில்தான். அதில் படுக்கிறவர்களை, கையில் உறைபோல மாட்டிக்கொள்ளும் சொரசொரப்பான பச்சைத் துண்டால் தலை முதல் கால் வரை தேய்ப்பது மல்சுக்கின் பிழைப்பு. வயது ஐம்பத்தெட்டு. புருஷன் கப்பலுக்குப் போனவன், போனவனேதான். இந்தப் பலகை போனால், இந்த இடுப்பு வலியோடு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? கருவாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து மீன் தலை கிள்ளலாம். அதற்கும் கையைத்தான் பார்ப்பார்கள்.

அதனால் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தோல் பிரிவில் டாக்டர் ஹாம் என்று ஒரு சின்ன வயதுப் பெண். மூக்குக் கண்ணாடியை ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டே கையைப் புரட்டிப் பார்த்தாள்.

"அம்மா, நம்ம உடம்புல காவல்காரங்க இருக்காங்க. கிருமி வந்தா அடிக்கிறதுக்கு. உங்க உடம்புல அவங்க, ஒருத்தரும் வராமலே, வீட்டுக்காரனையே போட்டு அடிக்கிறாங்க."

"குடிச்சிட்டு வந்த போலீஸ்காரன் மாதிரியா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியே வச்சுக்கங்க. இப்ப நாங்க ஒரு மருந்த சோதிச்சிட்டிருக்கோம். பிரசவத்துல கிடைக்கிற தொப்புள்கொடியிலேருந்து ஸ்டெம் செல் எடுத்து வளர்க்கிறாங்க. அது வளர்ற தண்ணியில சில சத்து ஊறும். அந்தக் காவல்காரங்கள 'சரி, சரி, உட்காருங்கப்பா'ன்னு அமர்த்துற குணம் அதுக்கு இருக்கலாம்னு நம்புறோம். அத களிம்பாக்கி வச்சிருக்கோம்."

"இருக்கலாமா? தெரியாதா?"

"தெரிஞ்சா எதுக்கு சோதனை? ஒரு கைக்கு நெசமான களிம்பு. இன்னொரு கைக்கு வெறும் களிம்பு. எது எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பன்னெண்டு வாரம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ வந்து கைய காட்டணும்."

இடது கைக்கு நீல மூடிக் குழாய், வலது கைக்கு வெள்ளை மூடிக் குழாய். கூடவே இரண்டு பக்கத்துக்கு ஒரு தாள். வேறு களிம்பு பூசக் கூடாது, மூலிகைத் தண்ணீரில் கையை முக்கக் கூடாது, வெயிலில் காயக் கூடாது, நகத்தால் சொறியக் கூடாது, மீறினால் சோதனையிலிருந்து நீக்கப்படுவீர்கள். எந்த நாட்டுத் தாளைப் பார்த்து எழுதினார்களோ, இந்த ஊர்க்காரர்கள் செய்கிற ஒரு காரியம் மட்டும் அதில் இல்லை.

விஷயம் கேள்விப்பட்டதும் மீன்காரி ஜொம்ரே பலகையில் படுத்தபடியே விழுந்து விழுந்து சிரித்தாள். ஜொம்ரே, இருபத்தொரு வருஷமும் வாரா வாரம் வருகிறவள். எத்தனை தேய்த்தாலும் அவள் மேல் கானாங்கெளுத்தி வாசம் போகாது.

"யாரோ பெத்த புள்ளையோட தொப்புள்கொடித் தண்ணிய எடுத்து கையில பூசிக்கிற! அந்தப் பையன் நாளைக்குப் பெரியவனாகி, உன் கையப் புடிச்சுக்கிட்டு அம்மான்னு அழப் போறான்."

"அழட்டும். கல்யாணச் செலவு மட்டும் கேக்காம இருந்தா சரி."

"எந்தக் கைய அம்மாம்பான்?"

"அதுதான் டாக்டருக்கே தெரியாதாமே. திரும்புடி." மல்சுக் உள்ளங்கையால் அவள் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். பலகையில் அந்தச் சத்தத்துக்குப் புரண்டு படு என்று அர்த்தம்.

மல்சுக் தாளில் இருந்ததை ஒன்று விடாமல் செய்தாள். வேலை முடிந்ததும் கையைத் துடைத்து, நீலத்தை இடதுக்கும் வெள்ளையை வலதுக்கும் பூசினாள். மூலிகை தொடவில்லை. சோஜு குடிப்பதைக்கூட நிறுத்தினாள். சோஜுவைப் பற்றித் தாளில் ஒன்றும் இல்லை, இருந்தும் ஒரு மரியாதைக்கு நிறுத்தினாள்.

அந்த மரியாதைதான் வினையாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள், வேலை ஓய்ந்ததும், வெந்நீர்த் தொட்டியில் நன்றாக ஊறி, பச்சைத் துண்டை எடுத்துத் தன் உடம்பைத் தானே தேய்த்துக்கொள்வாள். கையையும் சேர்த்துத்தான். டாக்டர் முன்னால் அழுக்கோடு போய்க் கையை நீட்டுவதா? நிறைமாதக்காரிகூட வலி எடுப்பதற்குள் ஓடி வந்து தேய்த்துக்கொண்டு பிரசவத்துக்குப் போகிற ஊர் இது. ஆபரேஷனுக்குப் போகிறவர்கள், சீட்டு வாங்கிய கையோடு நேரே இங்கேதான் வருவார்கள். தேய்த்துக்கொள்வதை யாராவது ஒரு காரியமாக நினைப்பார்களா? மூச்சு விடுவதுபோல அது பாட்டுக்கு நடப்பது.

"வேற ஏதாவது பூசினீங்களா அம்மா?" என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்டாள்.

"ஒண்ணுமே பூசல டாக்டர்." அது சத்தியம். பூசவில்லை. உரித்தாள்.

ஆறாவது வாரம் டாக்டர் ஹாம் முகம் மாறியது. வலது கைச் செதில் பாதி குறைந்திருந்தது. இடது கையில் குறையவில்லை. புதிதாகக் கோடு கோடாகச் சிவந்து கிளம்பியிருந்தது. போட்டோ பிடித்தாள், அளவு எழுதினாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இடது கை மோசமாப் போகுதும்மா. அடுத்த தடவையும் இப்படியே இருந்தா நீலக் குழாய நிறுத்திடுவேன். வலதுல போடுறதயே ரெண்டுக்கும் போடச் சொல்லி கம்பெனிக்காரங்கள கேக்கணும்."

வீடு திரும்பும் பேருந்தில் மல்சுக் கணக்காக யோசித்தாள். வெள்ளை மூடிதான் நெசமான தொப்புள்கொடி. நீலம் வெறும் வெண்ணெய். சூசொக்குக்கு இன்னும் எட்டு வாரம்கூட இல்லை. மறுநாள் ஜொம்ரேயிடம் சொன்னாள்.

"இதுக்கு எதுக்குடி கம்பெனிக்காரன் உத்தரவு?" என்றாள் ஜொம்ரே. "இன்னைக்கே வெள்ளைய ரெண்டு கைக்கும் தடவு. நீலத்த உன் குதிகால் வெடிப்புக்குப் போடு. யாரு வந்து பார்க்கப் போறா?"

மல்சுக்குக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஜொம்ரேயின் இடது கையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தேய்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மூன்று நீள இழுப்பு. முழங்கையைச் சுற்றி ஓர் அரை வட்டம். மறுபடி மூன்று. தேய்ப்பவர் ஒவ்வொருவருக்கும் கையில் ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கைக்காரி கண்ணை மூடிக்கொண்டே இது இன்னார் கை என்று சொல்லிவிடுவாள். மல்சுக்கின் பழக்கம், இழுப்பு முடிகிற இடத்தில் கட்டை விரலை அழுத்தி உள்பக்கமாக ஒரு கொக்கி.

ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். அழுக்குத் திரி திரியாக வழிந்து போனது. ஜொம்ரேயின் கை இளஞ்சிவப்பாக எழும்பி நின்றது. மூன்று கோடு, அரை வட்டம், கொக்கி.

அந்தக் கையைப் பிடித்திருந்த தன் இடது கையை மல்சுக் பார்த்தாள்.

மூன்று கோடு. முழங்கையில் அரை வட்டம். உள்பக்கம் கொக்கி. செதில் பூத்து, அச்சு எடுத்தாற்போல.

"என்னடி, நிறுத்திட்ட? செத்துகித்துப் போயிட்டியா?" என்றாள் ஜொம்ரே.

"என் கைதான்டி இது."

"பின்ன யார் கை?"

"இந்தக் கோட்ட போட்டது என் வலது கை. நான்தான் தேய்ச்சுத் தேய்ச்சு இத கிளப்பி விட்டிருக்கேன். வலது கைய இடது கையால தேய்க்கிறேன், அதுக்குத்தான் பலமே கிடையாதே. சும்மா தடவினாப்புல விட்டுடும். அதான் அது தப்பிச்சுது!"

ஜொம்ரே எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மீனின் செவுளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அப்ப வெள்ளை மூடி நெசமா, நீல மூடி நெசமா?"

"யாருக்குத் தெரியும்? என் துண்டுக்குத்தான் தெரியும்."

அடுத்த இரண்டு வாரமும் மல்சுக் இதையே மனசில் உருட்டிக்கொண்டிருந்தாள். சொன்னால், விதியை மீறியவள் என்று பேரை அடித்துவிடுவார்கள்; குழாய் இரண்டும் போகும். சொல்லாவிட்டால் நீலத்தை நிறுத்துவார்கள். ஒருவேளை நீலம்தான் நெசம் என்றால்? வெறும் வெண்ணெயைப் பூசிக்கொண்டு கருவாட்டுக் கொட்டகைக்குப் போக வேண்டியதுதான். இரண்டு பக்கமும் பள்ளம். விழுகிற பக்கமாவது மனசு உறுத்தாத பக்கமாக இருக்கட்டும் என்று, எட்டாவது வாரம் தேய்த்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாழ்நாளில் முதல் முறை. அம்மணமாகப் போவதுபோலக் கூச்சமாக இருந்தது. அம்மணம்கூடப் பழகியதுதான், இது பழகவில்லை.

மல்சுக் சொன்னதை டாக்டர் ஹாம் முழுதும் கேட்டாள். "எத்தன தடவ?"

"இங்க வர்றதுக்கு முந்தின நாள், ஒவ்வொரு தடவையும்."

"ஏம்மா?"

"உங்களப் பார்க்க வர்றோமே டாக்டர்."

டாக்டர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த வியாதிக்கு தோல்ல எங்க உரசுறீங்களோ அங்க கிளம்பும். சொறியாதீங்கன்னு தாள்ல போட்டிருந்தோமே!"

"நகத்தாலன்னு போட்டிருந்துச்சு. நான் நகம் வச்சுக்கிறதே இல்ல. இந்த வேலையில நகம் வச்சா நாலு பேர் தோல் கிழியும்."

டாக்டருக்குத் திடீரென்று ஏதோ உறைத்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். வெளியே இதே சோதனைக்கு வந்த பதினோரு பேர் காத்திருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக, அத்தனை பேரும் தோலுரித்த வெங்காயம்போல மினுமினுவென்று.

"இங்க வர்றதுக்கு முன்னாடி குளியல் கூடத்துக்குப் போய் தேய்ச்சுக்கிட்டு வந்தவங்க யாரு?"

முதலில் ஒரு கை எழுந்தது. இரண்டு. ஐந்து. ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி ஒருவர், "நான் உங்க மரியாதைக்காக ரெண்டு தடவ தேய்ச்சுக்கிட்டு வந்தேன்" என்று பெருமையாகச் சொன்னார். பத்துக் கை. தூக்காதவன் ஒருவன், பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க நியூசிலாந்திலிருந்து வந்த பையன். அவன் பக்கத்து ஆளிடம், "என்ன தேய்ப்பு?" என்று கேட்டான்.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள். மல்சுக் அவள் கழுத்தைப் பார்த்தாள். தொழில் கண். "நீங்களும் ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்திருக்கீங்களே டாக்டர்."

"அது வேற" என்றாள் டாக்டர். காது சிவந்துவிட்டது.

அன்று முழுக்க டாக்டர் ஹாம் கம்பெனிக்காரர்களோடு போனில் கத்தியதாக நர்ஸ் பிறகு சொன்னாள். தேய்த்துக்கொண்டவர்களை எல்லாம் நீக்கினால் நியூசிலாந்துப் பையன் ஒருவன்தான் மிஞ்சுவான். ஒருவனை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது? கடைசியில் எல்லாருக்கும் அன்றைய தேதியிலிருந்து புதுக் கணக்கு என்று ஆயிற்று. அதே குழாய்கள். தாளில் மட்டும் கொட்டை எழுத்தில் ஒரு வரி ஏறியது: சோதனை முடியும்வரை கைகளைத் தேய்த்துக்கொள்ளக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஒற்றி எடுக்கலாம், அவ்வளவுதான்.

"எது நெசம்னு இப்பவாவது சொல்லுங்களேன்" என்றாள் மல்சுக்.

"எது எதுன்னு எழுதி ஒட்டி வச்சிருக்கிற கவர குளிர்காலத்துலதான் பிரிப்பாங்க. அதுவரைக்கும் எனக்கும் தெரியாது. தேய்க்காம இருங்க, போதும்."

போதும் என்று சொல்வது சுலபம். இரண்டாவது வாரம் கை மங்கியது. மூன்றாவது வாரம் சாம்பல் நிறம். நாலாவது வாரம் விரலால் தடவினால் திரி உருண்டது. அடுத்தவர் அழுக்கைப் பார்த்தால் மல்சுக்குக்கு ஒன்றும் ஆகாது, அது சோறு. தன் கையில் தன் அழுக்கைப் பார்த்தால் பல்லைக் கடித்தாள். பச்சைத் துண்டு கையிலேயே இருக்கிறது, வெந்நீர் பக்கத்திலேயே இருக்கிறது. சாராயக் கடையில் வேலை பார்க்கிற குடிகாரன் பாடு.

ஆனால் அழுக்குக்கு அடியில் ஏதோ அடங்கிக்கொண்டு வந்தது. கோடுகள் மங்கின. கொக்கி காணாமல் போனது. இடது கையில் செதில் அநேகமாக உதிர்ந்துவிட்டது. வலது கையில் இரண்டு மூன்று மங்கிய திட்டு பாக்கி, அதுவும் அழுக்குக்கு அடியில். நீலத்தின் வேலையா, துண்டைத் தள்ளி வைத்ததன் வேலையா? குளிர்காலத்துக் கவருக்குள் இருக்கட்டும்.

சூசொக்குக்கு ஐந்து நாள் இருக்கையில், கூடம் திறக்கிற நேரத்தில் நாம்குங் அம்மாள் உள்ளே வந்தாள். வாசலில் அதற்குள் வரிசை.

"கைய நீட்டு."

நீட்டினாள். முதலாளியம்மா கட்டை விரலால் அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தாள். எள்ளுருண்டைபோல ஒரு சாம்பல் உருண்டை விரலோடு வந்தது.

"இது என்ன?"

"அழுக்கு."

"என் கூடத்துலயா? தேய்க்கிறவ கையிலயா? செதிலயாவது வியாதின்னு சொல்லிக்கலாம், இத என்னன்னுடி சொல்லுவேன்?"

"டாக்டர் உத்தரவு. தேய்க்கக் கூடாது. நீங்க கை சரியாகணும்னு சொன்னீங்க. செதில் எங்கன்னு காட்டுங்க பார்ப்போம்."

"இவ்வளவு அழுக்கு இருந்தா செதில் எங்க தெரியும்?"

"அழுக்கு ஒரு வியாதியா? அப்படின்னா வாசல்ல நிக்கிறவங்க எல்லாம் நோயாளிங்க. அவங்க கொண்டு வர்ற அழுக்குலதான் உங்க மாடிவீடு எழும்புச்சு."

நாம்குங் அம்மாளுக்கு வாசல் வரிசை ஞாபகம் வந்தது. அதனால் அன்பு வந்தது. ஆணியில் தொங்கிய பச்சைத் துண்டை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டாள். "சரி, வந்து படு. நானே தேய்ச்சு விடுறேன். ரெண்டு நிமிஷம். யாருக்குத் தெரியப் போகுது? பளிச்சுன்னு வெளியில நில்லு, பலகை உன்னோடது. போஹாங்காரிகிட்ட வரவேண்டாம்னு இப்பவே சொல்லிடுறேன்."

மல்சுக் ஆசையில் பலகைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்துவிட்டாள். அந்தத் துண்டு மேலே பட்டால் எப்படி இருக்கும் என்று தோள்வரைக்கும் தெரிந்தது. ஒரு தேய்ப்பு, பலகை நிச்சயம். மூன்றே நாளில் மறுபடி கோடு கோடாகச் செதில்.

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பலகைய வேணா எடுத்துக்கங்க. இந்தக் கைய தொடாதீங்க."

"அந்த அழுக்கோட நீ நின்னா சிரிப்பாங்கடி!"

"சிரிக்கட்டும். எழுந்து ஓட மாட்டாங்க."

முதலாளியம்மா துண்டை மாட்டிய கையோடு யோசித்தபடி நின்றாள். வாசலில் கதவைத் தட்டினார்கள். "பண்டிகை முடிஞ்சப்புறம் திறப்பீங்களா?" என்று யாரோ கத்தினார்கள். கதவு திறந்தது.

ஏழெட்டுப் பேர் ஒரே மூச்சில் உள்ளே வந்தார்கள். மருந்துக்கடைக்காரன் பொண்டாட்டியும் இருந்தாள். பலகைக்குப் பக்கத்தில் நின்ற மல்சுக்கின் கையை எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்தினாள். இன்னொருத்திக்கு முடியவில்லை, உடைந்துவிட்டாள். கூடமே சிரித்தது. ஓட்டுக் கூரையில் எதிரொலித்தது.

"அக்கா, ஊர் அழுக்கெல்லாம் உங்க கையில குடியேறிடுச்சா?"

"வாடகை குடுக்குதா?"

மருந்துக்கடைக்காரன் பொண்டாட்டி கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். செதில் இருந்த இடத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. "அன்னைக்கு இருந்தது போயிடுச்சே" என்றாள்.

"போயிடுச்சு. இது வேற, இது நம்ம எல்லார்கிட்டயும் இருக்கிறது."

"எனக்கு இவ்வளவு இல்லம்மா."

"படுங்க, காட்டுறேன்."

அவள் பலகையைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், ஏறிக் குப்புறப் படுத்தாள். ஜொம்ரே கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு, அடுத்தது தான் என்று சத்தம் போட்டாள். நாம்குங் அம்மாள் துண்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மேசைக்குப் போய், போஹாங்குக்குப் போன் போட்டாள். அண்ணன் மகளிடம், இந்தப் பண்டிகைக்கு வீட்டிலேயே இருந்து நல்லபடியாகச் சோங்ப்யொன் கொழுக்கட்டை அவிக்கச் சொன்னாள்.

மல்சுக் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து ஊற்றினாள். முதல் இழுப்பிலேயே திரி திரியாக வந்தது, கறுப்பாக, கயிறு முறுக்கலாம்போல.

"பார்த்தீங்களா?" என்றாள்.

மல்சுக் கீழே படுத்திருந்தவள் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். அவள் புரண்டு படுத்தாள்.